சீனியம்மாளின் குட்டிகள்

தை 4, ஞாயிறு

காலையில் சுட்டியும் மயிலியும் ஒரு மணி நேர இடைவெளியில் ஈன்றன. இரண்டுக்கும் இரட்டைக் குட்டி. சுட்டிக்கு இரண்டும் கிடா. மயிலிக்கு ஒரு கிடா, ஒரு பெட்டை. நான்கும் கறுப்பு, முகத்தில் கண்ணோரமாக மூக்குவரை இறங்கும் இரண்டு வெள்ளைக் கோடு. குறை சொல்ல முடியாத கன்னி இன ஆட்டுக் குட்டிகள்.

உரக்கடையில் வருஷா வருஷம் தரும் டைரி இது. எந்த ஆடு எப்போது ஈன்றது, எந்தக் கிடாவுக்குச் சேர்ந்தது என்று எழுதி வைப்பது என் வழக்கம். முப்பத்திரண்டு உருப்படி இருக்கிறது. இந்தச் சுற்றுப்பட்டியில் ஆடு வாங்குகிறவன் அய்யாத்துரையை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மாட்டான். ஆட்டின் இடுப்பில் கை வைத்தால் எடை சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரி சீனியம்மாள் நேற்றுத்தான் மூன்று நாள் பயிற்சி முடித்து வந்தாள். மகளிர் குழுவிலிருந்து பதினோரு பேரை வேனில் கூட்டிப்போய் ஆட்டுக்குட்டிக்குத் தீனி வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்தவன் வீட்டில் இருக்கிறேன். இவள் வேன் ஏறிப்போய்க் கற்றுக்கொண்டு வருகிறாள். சிரித்துக்கொண்டேன்.

வந்ததும் வராததுமாக இன்று காலை ஒன்று கேட்டாள்.

"இந்த ஈத்துல ரெண்டு குட்டிய எனக்கு விட்டுருங்க. அவுக சொன்ன மாதிரி நான் வளத்துப் பாக்கேன்."

"எடுத்துக்கோயேன். மயிலி குட்டி ரெண்டும் ஒனக்கு."

மயிலி கிழடு. பால் மட்டு. குட்டிகள் ஒன்றே முக்கால் கிலோ தேறினால் அதிகம். சுட்டியின் கிடாக்கள் இரண்டும் இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. சீனிக்கும் அது தெரியும். நேராக மயிலியிடம் போனாள்.

நஞ்சுக்கொடி விழும் முன்பே குட்டிகளைத் தூக்கிக் காம்பில் வைத்தாள். எங்கள் வீட்டில் நஞ்சு விழுந்து, முதல் பாலைத் தரையில் பீச்சிவிட்ட பிறகுதான் குட்டியை விடுவது. "அரை மணிக்குள்ள சீம்பால் உள்ள போயிரணுமாம். அதுதான் அதுக்கு மருந்தாம்" என்றாள். சுட்டியின் குட்டிகளை நான் எங்கள் ஐயா செய்தபடியே நஞ்சு விழும்வரை தள்ளி வைத்தேன். அவை கத்தின. கத்தட்டும்.

தை 5

பனி அதிகம். உளுந்து அறுத்த புஞ்சையில் மேய்ச்சல். விசேஷம் இல்லை.

தை 13

சீனி கொட்டகை மூலையில் கம்பு நட்டு ஒரு தட்டி கட்டியிருக்கிறாள். அடியில் ஒரு சாண் அகலத்துக்கு இடைவெளி. குட்டி மட்டும் நுழையலாம், பெரிய ஆடு நுழைய முடியாது. அவள் போய்வர ஒரு சின்னக் கதவு, அதற்குக் கம்பித் தாழ்ப்பாள். "உள்ள குட்டிக்கு மட்டும் தீனி வைக்கணும். இல்லாட்டா பெருசுக தின்னு தீத்துரும்" என்றாள்.

"குட்டிக்குத் தனி ஓட்டலா?" என்றேன். தண்ணீர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். சீனி சிரிக்கவில்லை.

தை 19

மயிலிக்குக் காலையும் மாலையும் இரண்டு கை தீவனம் தருகிறாள். தாய்க்குப் போட்டால்தான் பாலில் வருமாம். என் ஆடுகள் ஒரு நாளைக்கு எட்டு மைல் நடந்து மேய்கின்றன. அந்த மேய்ச்சலில் வராத பாலா இரண்டு கைத் தவிட்டில் வந்துவிடப் போகிறது?

மயிலியின் மடி சற்றுப் பெருத்திருக்கிறது. பனிக்கு அப்படித்தான் இருக்கும்.

தை 25

இன்று அவள் குட்டிகளுக்குத் தீவனம் தொடங்கினாள். உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு, வெல்லப்பாகு, தாது உப்பு, சாதாரண உப்பு. முறத்தில் போட்டுக் கலக்கும்போது பண்டிகைக்குப் பலகாரம் செய்கிறவள் மாதிரி முகம். குட்டிகள் மோந்துவிட்டு விலகிப் போயின. சீனி விரலில் தொட்டு ஒவ்வொன்றின் வாயிலும் தடவினாள். "ஒரு நாளைக்கு ஒரு குட்டிக்கு ஒரு கைதான். படிப்படியாத்தான் கூட்டணும். ஒரேயடியா வச்சா வயிறு கெட்டுரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தட்டிக்குள் அகத்திக் கொப்பும் வேலிமசால் தழையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். குட்டியின் தலை உயரத்துக்குத் தொங்க வேண்டுமாம். தரையில் போட்டால் மிதித்த தழையை அது தொடாது. இது எனக்கும் தெரியும். ஆனால் நான் கட்டித் தொங்கவிட்டதில்லை.

மாசி 6

முப்பது நாள் ஆனதால் எடை பார்க்க வேண்டும் என்று சீனி குழுவிலிருந்து கொக்கித் தராசு வாங்கி வந்தாள். என் கையே தராசு, இருந்தாலும் மாட்டட்டும் என்று விட்டேன். சுட்டியின் கிடாக்கள் 4.6, 4.5. மயிலியின் கிடா 4.3, பெட்டை 4.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்" என்றாள். நோட்டில் எதையோ கூட்டிக் கழித்தாள். பிறந்த எடையிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்திருப்பாள். எனக்குக் கூட்டல் கழித்தல் தெரியாதா? முன்னால் இருப்பது என் குட்டிதான். அதுதான் விஷயம்.

மாசி 8

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றினார். வயது இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். வாசலில் நின்று, "சீனியக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். "நான் இருக்கேன்" என்றேன். "அக்கா இல்லைங்களா?" என்றார் மறுபடியும்.

மாசி 16

சிக்கந்தர் பாய் வந்தார். பதினெட்டு வருஷமாக என்னிடம் ஆடு பிடிக்கும் வியாபாரி. சந்தையில் "இது அய்யாத்துரை ஆடு" என்று சொல்லித்தான் விற்பார்.

கொட்டகையில் நுழைந்ததும் சுட்டியின் கிடாக்களைத் தாண்டித் தட்டிப் பக்கம் போனார். மயிலியின் கிடா உள்ளே நின்று அகத்தி இலையை இழுத்துக்கொண்டிருந்தது. முதுகு தட்டையாக, பளபளவென்று இருந்தது. நான் அதை வெளியே இழுத்துப் பிடித்துக் காட்டினேன்.

"இதென்ன அண்ணாச்சி, ரெண்டு மாசங்கூட ஆகலைங்கிறீங்க, தொடை இப்படி இருக்கு. யார் கைவளம்?"

"நம்ம வளப்புதான் பாய்" என்றேன்.

சீனி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாய் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

'நம்ம' என்றால் அவளும் சேர்த்திதானே. பிழையாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

மாசி 20

எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். கட்டின பெண்டாட்டி மேல் ஒருவனுக்கு என்ன பொறாமை? குட்டி வளர்ந்தால் வீட்டுக்குத்தானே.

குழுப் பெண்கள் நான்கு பேர் தட்டி பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. எத்தனை நாளில் தீவனம் தொடங்கினே, எவ்வளவு வச்சே, சூபாபுல் தழை கொடுக்கலாமா? சீனி பதில் சொன்னாள். கொடுக்கலாம், ஆனால் அதையே முழுத் தீனியாகக் கொடுக்கக் கூடாது, மற்ற தழையோடு கலந்துதான் என்றாள். இவ்வளவு பேசுகிறவள் என்று எனக்குத் தெரியாது. நான் கருவேல மரத்து நெற்றின் அருமையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஒருத்தி, "இருங்கண்ணே, அக்கா சொல்லி முடிச்சிரட்டும்" என்றாள்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். வெயிலுக்கு முன் மேய்க்க வேண்டும் அல்லவா.

மாசி 23

தீவன மூட்டையிலிருந்து ஒரு கை எடுத்துச் சுட்டியின் குட்டிகளுக்கு வைத்துப் பார்த்தேன். சும்மா, தின்கின்றனவா என்று பார்க்கத்தான். மோந்துவிட்டுப் போய்விட்டன.

மாசி 26

இன்று தின்றன. நான்கு கை வைத்தேன்.

மாசி 27

சுட்டியின் குட்டிகள் இரண்டும் கழிகின்றன. புதுத் தழை ஒத்துக்கொள்ளவில்லை போல.

மூட்டை குறைவதைச் சீனி கண்டுபிடித்துவிட்டாள். "எலி வருதுங்க" என்று பொறியில் கருவாட்டுத் துண்டு மாட்டி மூட்டையருகே வைத்தாள். நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா உள்ள தள்ளி வையி" என்று வேறு சொன்னேன்.

பங்குனி 5

அறுபது நாள் எடை. சுட்டியின் கிடாக்கள் 6.4, 6.2. கழிச்சலில் இளைத்துவிட்டன. மயிலியின் கிடா 8.1, பெட்டை 7.5.

தராசின் கொக்கி துருப்பிடித்திருக்கிறது, நம்ப முடியாது என்றேன். சீனி ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொக்கியில் மாட்டினாள். முள் சரியாக ஐந்தில் நின்றது.

டாக்டரம்மா கூட இருந்தார். பரண் போல உயர்த்தி ஒரு முன்மாதிரிக் கொட்டகை இந்த ஊரில் அரசாங்கத்தில் போட்டுத் தரப்போகிறார்களாம். மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள. நம் வீட்டிலேயே போடலாம் என்றார். நான் வீட்டுப் பத்திர நகலை எடுத்து வர எழுந்தேன்.

"சீனியம்மாள்னு போட்டுருக்கேன் ஐயா. நீங்க சம்மதக் கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

போட்டேன். கையெழுத்து எனக்கு எப்போதும் அழகாக வரும். இன்று சுமாராக வந்தது.

பங்குனி 8

சீனி கொட்டகை விஷயமாகக் குழுவோடு டவுனுக்குப் போயிருந்தாள். வெயில் தாங்காமல் நான் ஆடுகளை மத்தியானமே திருப்பிக் கொண்டுவந்தேன். தட்டியின் கதவு திறந்து கிடந்தது. காற்றடித்துத் திறந்திருக்கும். ஒரு வாரத்துக்கென்று கலந்து அண்டாவில் வைத்திருந்த குட்டித் தீவனத்தைப் பெரிய ஆடுகள் தின்றுவிட்டன. நான் பார்க்கும்போது அண்டா காலி.

பங்குனி 9

சுட்டி எழுந்திருக்கவில்லை. இடப்பக்க வயிறு உப்பி, கல் மாதிரி இருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறாள். அசை போடவே இல்லை. தண்ணீராகக் கழிகிறாள். மற்ற ஆடுகளுக்கு அவ்வளவு இல்லை. மந்தையில் சுட்டிதான் முரடு. எல்லாவற்றையும் முட்டித் தள்ளிவிட்டு அவளே முக்கால்வாசி தின்றிருக்க வேண்டும்.

சீனி சமையல் சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். போன் போட்டு டாக்டரம்மாவை வரவழைத்தாள். ஊசி, குளுக்கோஸ். "தானியம் அளவுக்கு மேல போயிடுச்சு. வயித்துக்குள்ள புளிச்சு விஷமாகியிருக்கு. பார்ப்போம் ஐயா" என்றார்.

அவர் போன பிறகு சீனி தட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு ஓடுனேன். தாப்பாளப் போட்டேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் இல்லையே. என் கையாலயே கெடுத்துட்டேனே. ஒங்க சுட்டிய நானே கெடுத்துட்டேனே."

"பரவால்ல புள்ள. மறதி எல்லாருக்கும் வாரதுதான்" என்றேன்.

பங்குனி 10

சுட்டி அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஈத்துப் பார்த்தவள். எங்கள் ஐயா விட்டுப்போன ஆட்டின் வழியில் இவள் ஒருத்திதான் மிச்சம். நான் எந்தப் புஞ்சையில் திரும்பினாலும் கூப்பிடாமலே முதலில் திரும்புவாள்.

அவள் குட்டிகள் பாலுக்குக் கத்தின. சீனி பசும்பாலை வெதுவெதுப்பாக்கிப் பாட்டிலில் கொடுத்தாள். மாலையில் இரண்டையும் தட்டிக்குள் விட்டு ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் வைத்தாள். அகத்தி கட்டினாள். என்னோடு பேசவில்லை.

பங்குனி 11

காலை பத்து மணிக்குச் சுட்டி செத்துப்போனாள்.

பங்குனி 12

ஓடைக்கரையில் குழி வெட்டிப் புதைத்தேன். இறைச்சிக்குக் கேட்டு ஒருவன் வந்தான். விரட்டிவிட்டேன்.

பங்குனி 15

எட்டாம் தேதி எழுதியது பொய்.

மூன்று நாளாக இந்த டைரியைத் திறக்கப் பிடிக்கவில்லை. இதுவரை இதில் நான் பொய் எழுதியதில்லை. ஒரு ஆடு செத்தால் செத்தது, குட்டி கழிந்தால் கழிந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கதவு மூடித்தான் இருந்தது. தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டுத்தான் சீனி போயிருந்தாள். நான் வெயிலில் வந்தேன். டீக்கடை முன்னால் வரும்போது ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, ஒங்க வீட்டுல கொட்டகை போடுதாகளாமே, மதினி பேர்ல? இனி நீங்க மதினிகிட்டத்தான் சம்பளத்துக்கு நிக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் மயிலியின் கிடா தட்டிக்குள் நின்று என்னைப் பார்த்தது. என்னிடமிருந்து கழிவாகப் போன குட்டி. கொழுகொழுவென்று. அண்டா நிறையத் தீவனம். கம்பியை அவிழ்த்தேன், கதவைத் திறந்தேன், அண்டாவின் மூடியை எடுத்தேன். பெரிய ஆடுகள் தின்று தீர்க்கட்டும், ஒரு வாரமாவது இந்தக் குட்டிகள் தீவனம் இல்லாமல் கிடக்கட்டும், அடுத்த எடையில் முள் இறங்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

தானியம் தின்ற ஆடு தாங்காது என்பது எனக்குத் தெரியாதா? கம்மங்களத்தில் புகுந்து தின்ற ஆடு வயிறு ஊதிச் செத்ததைப் பத்து வயதிலேயே பார்த்தவன் நான். இருபது ஆடு பங்கு போட்டால் ஒன்றுக்கு ஒரு வாய்தானே வரும் என்று கணக்குப் போட்டேன். சுட்டி யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டாள் என்பதும் எனக்குத்தான் தெரியும். தெரிந்த எல்லாவற்றையும் அந்த நேரம் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போய்க் கதவை மூடிக் கம்பியை முறுக்கினேன். பிறகு, மூடிக் கிடந்தால் ஆடுகள் எப்படிப் புகுந்தன என்று கேள்வி வருமே என்று திரும்பவும் அவிழ்த்துக் கம்பியைத் தொங்கவிட்டேன்.

சீனி தலையில் அடித்துக்கொண்டபோது பரவாயில்லை என்றேனே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

பங்குனி 18

சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை பக்கத்தில் போனேன். முதல் முறை மாடு தண்ணீர் குடித்துவிட்டதா என்று கேட்டேன். இரண்டாம் முறை அரிவாளைக் காணவில்லை என்றேன்.

பங்குனி 20

காலையில் அவள் அகத்தி ஒடிக்கப் போனாள். நானும் போனேன். அவள் கொப்பை வளைக்க, நான் அறுத்துப் போட்டேன். இருபது கொப்பு அறுத்த பிறகு சொன்னேன்.

"சீனி, அன்னைக்குத் தாப்பாள நீ சரியாத்தான் போட்டுருந்த."

அவள் கொப்பை விடவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"சுட்டி படுத்த மறுநா தட்டியக் கழுவப் போனப்பப் பாத்தேன். கம்பி இடப்பக்கமா முறுக்கி அவுத்த மாதிரி இருந்துச்சு. நான் எந்நாளும் வலப்பக்கந்தான் முறுக்குவேன். இந்த வீட்டுல இடக்கை யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அரிவாள் என் இடது கையில்தான் இருந்தது. கீழே வைத்தேன்.

"பெறகு ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீங்க இல்லம்பீக. அந்தப் பொய்யோட நான் காலம்பூரா குடித்தனம் நடத்தணும். நீங்களா வாறீகளான்னு பாத்தேன். பத்து நா ஆச்சு."

"சுட்டி செத்துரும்னு நான் நெனக்கல புள்ள."

"அது எனக்குத் தெரியும். சுட்டிக்காக ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நீங்களே செத்த மாதிரிக் கெடந்தீக. ஆனா நான் தலையில அடிச்சிக்கிட்டு ஒக்காந்துருக்கேன், பரவால்ல மறதி வாரதுதான்னு சொன்னீக பாருங்க…" கொப்பை விட்டுவிட்டாள். அது மேலே அடித்துக்கொண்டு போய் இலை கொட்டியது.

நான் உண்மையைச் சொன்னேன். வயிறு எரிந்தது, எல்லோரும் உன்னையே கேட்டு வந்தது தாங்கவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் பேசினாள். சத்தமே இல்லாமல்.

"எனக்கு மட்டும் வயித்தெரிச்சல் இல்லன்னு நெனச்சீகளா? இருவத்தாறு வருசம். எங்க போனாலும் அய்யாத்துரை ஆடு, அய்யாத்துரை ஆடு. தண்ணி சொமந்தது யாரு? சாணி அள்ளுனது யாரு? குடிக்கத் தெரியாத குட்டிக்கு மடியில வச்சுக் காம்பப் புடிச்சுக் குடுத்தது யாரு? ஒருத்தராவது ஒரு நா சீனி ஆடுன்னு சொன்னாகளா? நீங்களாவது சொன்னீகளா? ஒங்க பக்கத்துலயே செம்போட நின்னேன். நீங்க பேசி முடிக்கட்டும்னு நின்னேன்."

இலைகளைப் பொறுக்கிக் கட்டினாள்.

"ஆனா நான் எந்தக் கதவையும் தெறந்துவிடல."

கட்டைத் தலையில் தூக்கி வைக்க நான் கை கொடுக்கப் போனேன். அவளே தூக்கிக்கொண்டாள்.

பங்குனி 24

பேச்சு ஆட்டைப் பற்றி மட்டும். "தண்ணி வச்சாச்சா", "அந்தப் பெட்டைக்குக் காலு நொண்டுது." சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். உப்பு, காரம் எல்லாம் எப்போதும் போலச் சரியாக இருக்கிறது. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பங்குனி 29

சுட்டியின் கிடாக்கள் தட்டிக்குள் நன்றாகத் தின்கின்றன. கழிச்சல் நின்று முடி மினுமினுப்பாக வருகிறது. எனக்கும் கலவை அளவைச் சொல்லிக் கொடு, மற்ற ஈத்துக் குட்டிகளுக்கு நான் வைக்கிறேன் என்று சீனியிடம் கேட்டேன்.

"வேண்டாம். குட்டிய நான் பாத்துக்கிடுதேன். நீங்க பெருசுகளப் பாருங்க" என்றாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சரி என்றேன்.

சித்திரை 5, சனி

எட்டயபுரம் சந்தை. மூன்று கிடாக்கள் விற்பனைக்கு. பெட்டையை வளர்க்க வைத்துக்கொள்கிறோம். இன்றோடு குட்டிகளுக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. சீனியும் வந்தாள். இத்தனை வருஷத்தில் சந்தைக்கு அவள் வருவது முதல் முறை. கையில் கொக்கித் தராசு.

மயிலியின் கிடா 11.9. சுட்டியின் கிடாக்கள் 9.8, 9.5. என் போக்கில் வளர்ந்த குட்டி எதுவும் மூன்று மாதத்தில் ஒன்பதைத் தொட்டதாக இந்த டைரிகளில் இல்லை. பழையதையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

சிக்கந்தர் பாய் வந்து வழக்கம்போல விலை பேச என் கையைப் பிடிக்க வந்தார். "ஒரு பத்து கிலோன்னு வச்சுக்குவோமா அண்ணாச்சி?"

"தராசு இருக்கு பாய். அவகிட்டப் பேசுங்க" என்றேன்.

"அட, என்ன நீங்க? ஒங்க வளப்புக்கு…"

"என் வளப்பு இல்ல பாய். அன்னைக்கு ஒங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். இது சீனியம்மா வளத்தது. நான் கழிச்சுவிட்ட குட்டி."

பாய் அவளைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர், அவள் பெயரை என்னிடம்தான் இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். சீனி தராசை மாட்டினாள். எடைக்குத்தான் விலை, கண் மதிப்பு கிடையாது என்றாள். பாய் முனகினார், சிரித்தார், கடைசியில் அவள் சொன்னதற்கே வந்தார். நான் குட்டிகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில், "கழிச்சுவிட்ட குட்டின்னு தெரிஞ்சேதான் குடுத்தீகளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"தெரியும். ஒங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாக இருந்ததா என்று தெரியவில்லை. முகம் தெரியவில்லை.

சித்திரை 17

புதுக் கொட்டகையில் முதல் கூட்டம். வேறு ஊர்களிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் வேனில் வந்தார்கள். டாக்டரம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இனி சீனியக்கா சொல்லுவாங்க" என்று ஒதுங்கினார்.

சீனி முதலில் சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். பிறகு ஒரு குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் தலைப்பை விட்டுவிட்டாள். சீம்பாலில் தொடங்கினாள். தாய்க்குத் தீனி, மூன்றாம் வாரத்தில் ஒரு கை, பிறகு வாரா வாரம் கூட்டுவது, தலை உயரத்துக்குத் தழை, எந்நேரமும் சுத்தமான தண்ணீர். "தீவனத்தப் பூட்டி வைங்க. பெரிய ஆடு தின்னா செத்துரும். எங்க வீட்டுல ஒண்ணு செத்துருச்சு" என்றாள். எப்படி என்று யாரோ கேட்டார்கள். "கதவு தெறந்து கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் குட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் பேசி முடிக்கட்டும் என்று ஓரமாக நின்றேன். கலவையில் தவிட்டின் அளவை ஒரு இடத்தில் மாற்றிச் சொன்னாள். எனக்குத் தெரிந்தது. வாய் வரை வந்தது. அவளே இரண்டு வரி கழித்துத் திருத்திக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒரு பெண் என்னைக் காட்டிக் கேட்டாள்: "இவுக யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு. பெரிய ஆடுகள மேய்க்கது இவுகதான்" என்றாள் சீனி. "அந்த வாளிய இங்கிட்டு வைங்க."

வைத்தேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மறுபடியும் சீனி பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எரிந்தது. இல்லை என்று எழுத மாட்டேன். காது மடல் வரை எரிந்தது.

அங்கே நான் நின்றது கால் மணி நேரம் இருக்கும். அவள் நின்றது இருபத்தாறு வருஷம்.